தபாலாபீஸ் உயரத்தில் ஒரு மேசை

“நெஜமாவே உனக்கு இது சரியா இருக்குதாக்கா?”

என் தங்கை கேட்டாள். அவளுக்கு அப்போது பதினோரு வயது, எனக்குப் பதினாலு. அன்று காலையில்தான் எங்கள் வீட்டுக்கு ஒரு மேசை வந்திருந்தது. அதன் விளிம்பு அவள் கழுத்துக்கு நேராக இருந்தது. கேட்டுவிட்டு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரியாதான்டி இருக்குது. உனக்கு இன்னா தெரியும்?” என்றேன்.

என்னோடு படித்த உங்களுக்கு இந்த மேசையைத் தெரியும். பார்த்ததில்லை, கேட்டிருக்கிறீர்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவள் நான். ஒரு வருடம் முழுக்க நின்றுகொண்டே படித்துப் பத்தாம் வகுப்பில் பள்ளியில் இரண்டாவதாக வந்தவள். விடுதியில் இதை நான் சொல்லாத நாள் குறைவு. கல்லூரி விழாவில் மேடையேறிச் சொன்னபோது எழுந்து நின்று கை தட்டினீர்கள். இப்போது பழைய மாணவியர் மலருக்கு அந்தக் கதையையே எழுதித் தரச் சொல்கிறீர்கள். எழுதுகிறேன். ஆனால் உங்களிடம் சொன்னது பாதிதான்.

நைனாவுக்குக் கட்டடம் இடிக்கும் வேலை. அந்தக் கோடையில் செஞ்சி கடைத்தெருவில் ஒரு பெரிய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் வணிக வளாகம் வரப்போகிறது என்றார்கள். மலைகள் காலையில் ஒன்பது மணிக்கே அனல் கக்க ஆரம்பித்துவிடும் மாதம் அது. மாலையில் நைனா வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும், சுண்ணாம்புத் தூள். ஒரு நாள் அவர் சைக்கிளின் பின்னால் ஒரு நீளமான பலகையைக் குறுக்கே கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். அந்த வீட்டுக் கூடத்தில் தொங்கிய ஊஞ்சலின் பலகை. சங்கிலியை யாரோ எடுத்துக்கொண்டார்கள். பலகையை மேஸ்திரி, “வேணும்னா நீ தூக்கினு போ” என்று சொல்லிவிட்டாராம்.

நல்ல தேக்கு. இரண்டு ஆள் படுக்கலாம். நான்கு மூலையிலும் நான்கு துளை, துளைக்குள் பித்தளை வளையம். பல வருடங்கள் ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. ஒரு ஓரத்தில் தட்டு அளவுக்குக் கறுப்பாக எண்ணெய்க் கறை. மதியம் தூங்குகிறவர்கள் தலைவைத்த இடம். அம்மா சோப்புத்தூள் போட்டுத் தேங்காய் நாரால் மூன்று நாள் தேய்த்தாள். கறை போகவில்லை.

“யார் தலை எண்ணெயோ, நம்ம ஊட்ல வந்து ஊறுது” என்றாள்.

அந்தத் தலையை நைனா சின்ன வயதில் பார்த்திருக்கிறார். வாசலுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். அதற்குமேல் அந்த வீட்டைப் பற்றி அவர் எங்களிடம் சொன்னதில்லை. நாங்கள் ஊஞ்சல் கட்டச் சொல்லிக் கேட்டோம். எங்கள் கூரை தாங்காது. தாங்கினாலும் கட்டியிருக்க மாட்டார்.

“கால் வெச்சா மேசை. பாப்பா படிக்கும்” என்றார்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் மரம் கடையும் பட்டறை வைத்திருந்த பாயிடம் போனோம். நானும் கூடப் போனேன். பாய் பலகையைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். “இதுக்கு முன்னாடி இது தரையத் தொட்டதே இல்ல. இப்பதான் கால் மொளைக்கப் போகுது” என்று சிரித்தார். வேப்ப மரத்தில் கடைசல் கால் போட்டுத் தருவதாகச் சொன்னார். குமிழ் குமிழாக வரும், கட்டில் கால் மாதிரி.

“எம்மா ஒசரம் வெக்கட்டும்?”

நைனா பலகையைத் தடவினார். “அளவு எடுத்தாந்து தர்றேன் பாய்” என்றார்.

வழக்கமாக எல்லோரும் என்ன செய்வார்கள்? பிள்ளையை உட்கார வைத்து அளப்பார்கள். இல்லையென்றால் பள்ளிக்கூடத்துக்குப் போய் அளப்பார்கள். நைனா என்னைக் கூட்டிக்கொண்டு தபாலாபீசுக்குப் போனார். அங்கே சுவரோரமாக, நின்று எழுதுவதற்கென்று உயரமான பலகை ஒன்று உண்டு. பசைக் கிண்ணமும், நூலில் கட்டிய பேனாவும் இருக்கும். நைனாவுக்கு எழுதத் தெரியாது. படிவம் நிரப்பித் தர யாராவது வரும்வரை அந்தப் பலகையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு மணிக்கணக்கில் நின்றிருக்கிறார். மனிதர்கள் எழுதுவதை அவர் கிட்ட இருந்து பார்த்த இடம் அது ஒன்றுதான்.

சட்டைப் பையிலிருந்து சணலை எடுத்தார். ஒரு முனையைத் தரையில் வைத்து நான் மிதித்துக்கொள்ள வேண்டும். அவர் மேலே இழுத்து, பலகையின் விளிம்பில் முடிச்சுப் போட்டார்.

“யாருப்பா அது? இன்னா பண்ற அங்க?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஒண்ணுமில்ல சார். எங்க பாப்பா படிக்க ஒரு மேசை செய்றோம்.”

வரிசையில் நின்ற இரண்டு பேர் திரும்பிச் சிரித்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. பள்ளிக்கூடத்தில் டீச்சரின் மேசை என் இடுப்புக்குத்தான் வரும் என்று எனக்குத் தெரியும். தினமும் பார்க்கிறேன். தெரியாது என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது. அந்த இடத்தைவிட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது. “போதும் நைனா, வா போலாம்” என்றேன்.

பாய் சணலைத் தரையில் நீட்டி அளந்தார். மூன்றரை அடி. “இது நின்னுகினு யாவாரம் பண்ற அளவுப்பா” என்றார்.

“இல்ல பாய். எழுதற அளவு. தபாலாபீசுல எடுத்தாந்தேன்.”

பாய் என்னைப் பார்த்தார். நான் மரச்சுருளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். “சரி. கால் நீளமா இருக்கறதுல தப்பில்ல. வெட்டிக்கலாம்” என்றார்.

ஒரு வாரத்தில் பாயே குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் காலனிக்கு வந்து இறக்கினார். வண்டி சத்தத்துக்குத் தெருவே கூடிவிட்டது. எங்கள் வீட்டு வாசல் தாழ்வு. மேசையைச் சாய்த்து, திருப்பி, ஒவ்வொரு காலாக நுழைத்தார்கள். உள்ளே நிமிர்த்தி வைத்ததும் அறையில் பாதி போய்விட்டது.

“இன்னாய்யா இது? ஓட்டல்லகூட மேசை இடுப்புக்குத்தான் வருது” என்றாள் அம்மா.

“அது துன்ற மேசைடி. இது எழுதற மேசை.”

“மேசையா, பந்தக்காலா? தோரணம் கட்டிடலாம் போலகீதே” என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு புதுப் பேனாவை எடுத்தார். அதன் கழுத்தில் நூலைச் சுற்றி, நூலின் மறுமுனையை மூலையிலிருந்த பித்தளை வளையத்தில் கட்டினார். இரண்டு முடிச்சு. இழுத்துப் பார்த்தார். பேனா வளையத்திலிருந்து தொங்கி ஆடியது. தெருவில் ஒருவருக்கும் அது ஏன் என்று தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது.

“சரியா இருக்குதா பாப்பா?”

நான் போய் நின்றேன். முழங்கையை ஊன்றத் தோளைத் தூக்க வேண்டியிருந்தது. அம்மா, அத்தை, கதவை அடைத்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சரியா இருக்குது நைனா.”

பாய் வண்டியில் ஏறும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஒசரமா இருந்தா சொல்லும்மா. அரைமணி வேலை. கூலிகூட வேணாம்.”

“இல்ல பாய், சரியாதான் இருக்குது.”

அதன் பிறகுதான் தங்கை அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

நின்று படிப்பது எப்படி என்று உங்களிடம் நிறையச் சொல்லியிருக்கிறேன். ஒற்றைக் காலில் மாற்றி மாற்றி நிற்பேன். குதிகால் எரிந்தால் ஈரச் சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் நிற்பேன். பேனாவின் நூல் நோட்டின் பாதி வரைதான் எட்டும். அதனால் கையை நகர்த்தாமல் நோட்டை நகர்த்தி எழுதப் பழகினேன். பென்சில் உருண்டு ஊஞ்சல் துளை வழியாகக் கீழே விழும். வெயில் ஏறினால் அந்த எண்ணெய்க் கறை உயிர் பெற்றுவிடும். தாள் அதில் பட்டால் கண்ணாடி மாதிரி ஆகி, அடுத்த பக்கத்து எழுத்து தெரியும். என் அறிவியல் நோட்டின் நடுப்பக்கங்களில் யாரோ ஒரு பெரிய மனிதரின் தலை எண்ணெய் இன்னும் இருக்கிறது.

எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. மாலையில் நைனா வாசலில் உட்கார்ந்து கால் கழுவும்போது உள்ளே என்னைப் பார்ப்பார். அவர் பார்க்கிறார் என்று தெரிந்ததும் நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பேன். முடிவு வந்த அன்று தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னார்: “நின்னுகினே படிச்சுதுப்பா. ஒரு நாளு உக்காரல.”

இதுவரைக்கும்தான் நீங்கள் கேட்ட கதை.

நான் மேல்நிலை முடித்துக் கல்லூரி விடுதிக்கு வந்தபோது மேசை தங்கைக்கு வந்தது. அவள் என்னைவிடக் குட்டை. நைனா அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “அக்கா மாதிரி நின்னு படி.”

முதலில் அலுமினியக் குண்டானைக் கவிழ்த்து ஏறி நின்றிருக்கிறாள். குண்டான் நசுங்கியது. அம்மா நாலு வைத்தாள். பிறகு செங்கல் அடுக்கினாள், அது சரிந்தது. “நைனா, இது ரொம்ப ஒசரமா இருக்குது” என்று நேராகவே சொல்லியிருக்கிறாள்.

“உங்கக்கா ஒரு நாளு சொன்னாளா? உனக்குத்தான் ஒடம்பு வளையல.”

அதன் பிறகு அவள் மேசைக்கு அடியில் போய்விட்டாள். நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அங்கேதான் இருப்பாள். நான்கு கால்களுக்கு நடுவில், ஒரு பாவாடையைத் தொங்கவிட்டு, மல்லாந்து படுத்துக்கொண்டு. வீடு கட்டி விளையாடுகிற குழந்தை மாதிரி. பதினைந்து வயதுப் பெண். நைனா வந்தால் பாவாடையைத் தூக்கிப் பார்த்து, “மேசைக்கு அடியில எவளாவது படிப்பாளா?” என்பார். நானும் ஒருமுறை குனியாமலே காலால் பாவாடையைத் தள்ளி, “எழுந்துருடி, கழுதை” என்றிருக்கிறேன்.

பத்தாம் வகுப்பில் அவள் கணக்கில் மட்டும் போனாள். மற்ற நான்கிலும் தேறிவிட்டாள். உடனே மறுபடி எழுதலாம் என்று பள்ளியில் சொன்னார்கள். நைனா எனக்குப் போன் செய்தார். உங்களில் ஒருத்தியின் செல்லுக்குத்தான் செய்தார், என்னிடம் அப்போது செல் இல்லை. யார் என்று எழுதவில்லை, அவளுக்கு நினைவிருக்கும். மாடிப்படியில் நின்று பேசினேன்.

“மறுபடி எழுத வெக்கலாமா பாப்பா? நீ படிச்சவ, சொல்லு.”

நைனா என்னிடம் யோசனை கேட்ட முதல் தடவை அது. எனக்குப் பதினெட்டு வயது. யோசிக்கவே இல்லை.

“அவ எங்க நைனா படிக்கிறா? மேசை பக்கமே வரமாட்டா. நின்னு படிக்க சோம்பேறித்தனம்.”

“அதுவும் சரிதான்” என்றார்.

அடுத்த மாதத்திலிருந்து அவள் காலை ஐந்து மணிக்குத் தெருமுனைக்கு வரும் கம்பெனி வேனில் ஏறினாள். மூன்று வருடம் போனாள். அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை. பத்தொன்பது வயதில் பனமலைப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். நான் பட்டம் வாங்கினேன், பி.எட். முடித்தேன், இப்போது செஞ்சியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மேசைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்ல மாட்டேன். கணக்கில் போகிற பிள்ளைகள் நல்ல மேசையில் உட்கார்ந்தும் போகிறார்கள். ஆனால் அவளைச் சோம்பேறி என்று சொன்னது நான். அதற்குச் சாட்சியாகக் காட்டியது அந்த மேசையை.

போன பொங்கலுக்குத் தங்கை தன் மகளோடு வந்திருந்தாள். நைனாவால் இப்போது நிற்க முடியாது. முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. மேசையோரம் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் நாள் முழுக்க இருக்கிறார். மேசை அவர் கண்ணுக்கு நேராக நிற்கிறது. மேலே இருக்கும் மாத்திரையை எடுக்கக் கையைத் தூக்கித் துழாவுவார். டம்ளர் உருளும். ஒருநாளும் அவர் அதைப் பற்றிச் சொன்னதில்லை.

குழந்தைக்கு ஆறு வயது. வீட்டுப்பாட நோட்டோடு வந்தாள்.

“மேசையில வெச்சு எழுது கண்ணு. உங்க பெரியம்மா அதுல நின்னுதான் டீச்சரானா” என்றார் நைனா.

குழந்தை கால்விரலில் எக்கி நின்று நோட்டை மேலே தள்ளியது. மூக்குதான் விளிம்புக்கு வந்தது. தங்கை அடுப்படியிலிருந்து வந்தாள். என்னையும் பார்க்கவில்லை, நைனாவையும் பார்க்கவில்லை. நோட்டை எடுத்தாள், குழந்தையின் தோளைப் பிடித்து மெதுவாகக் குனியவைத்து மேசைக்கு அடியில் உட்காரவைத்தாள். மறுபடி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் நான்கு மாதம் சொல்லவில்லை.

போன வாரம் மேசையைப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். நைனாவிடம் கால் ஆடுகிறது என்று சொன்னேன். பாய் இறந்துவிட்டார். அவர் மகன்தான் இப்போது பார்க்கிறார். ஒரு நாற்காலியைப் போட்டு என்னை உட்காரச் சொல்லி அளவெடுத்தார். “ஒரு அடி எறங்கணும்கா” என்றார். இரண்டு பேராக மேசையைப் புரட்டித் தரையில் கவிழ்த்தார்கள்.

அடிப்பக்கம் முழுக்க எழுத்து.

பென்சில் எழுத்து. அந்தப் பக்கத்தை ஒருவரும் துடைத்ததில்லை, அதனால் அப்படியே இருந்தது. அறிவியல் வரையறைகள், இதயத்தின் படம், வரலாற்றுக் கேள்விகளுக்கான குறிப்பு. அண்ணாந்து உட்கார்ந்து கையைத் தூக்கி எழுதியிருக்கிறாள், எழுத்து எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பாதிக்குமேல் கணக்கு. ஒரே மாதிரிக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறாள். ஒவ்வொன்றிலும் மூன்றாவது வரி வரைக்கும் சரி. அடைப்புக்குறிக்கு முன்னால் இருக்கும் கழித்தல் குறியை உள்ளே கொண்டு போகும்போது முதல் எண்ணுக்கு மட்டும் மாற்றிவிட்டு இரண்டாவதை மாற்றாமல் விட்டிருக்கிறாள். எண்ணிப் பார்த்தேன், பதினேழு இடத்தில் அதே தவறு. விடை வரவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொன்றின் கீழும் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் மறுபடி ஆரம்பித்திருக்கிறாள்.

என் வகுப்பில் வாரத்துக்கு நாலு பிள்ளைகள் இதே தவறைச் செய்கிறார்கள். சொல்லித்தர இரண்டு நிமிடம் ஆகும். அன்றைக்குப் பாவாடையைக் காலால் தள்ளியதற்குப் பதில் குனிந்திருந்தால் போதும்.

பையில் பென்சில் இருந்தது. எடுத்தேன். அவள் அடித்துவிட்ட கடைசிக் கணக்கின் பக்கத்தில் சரியாகப் போட்டுக் காட்டக் கை போய்விட்டது. பிறகு பென்சிலைத் திரும்ப வைத்துவிட்டேன்.

“அடிப்பக்கத்தையும் இழைச்சுடட்டுமாக்கா? சுத்தமாயிடும்” என்றார் பாயின் மகன்.

“வேணாம். காலை மட்டும் வெட்டுங்க.”

அரைமணிகூட ஆகவில்லை. பதினைந்து வருடம் நின்ற உயரம் நாலு கட்டைத் துண்டாகக் கீழே கிடந்தது.

மேசை வீட்டுக்குள் வந்ததும் நைனா முதல் தடவையாக அதன் மேல்பரப்பை உட்கார்ந்தபடி பார்த்தார். இரண்டு கையையும் பலகைமேல் வைத்தார். அவர் முழங்கை சரியாகப் படிந்தது. நான் துண்டுகளை அவர் முன்னால் வைத்தேன்.

“மொத நாளே ஒசரமாத்தான் இருந்துச்சு நைனா. நான்தான் சொல்லல.”

அவர் ஒரு துண்டை எடுத்துக் குமிழைத் தடவினார்.

“அப்ப சின்னவ சொன்னது நெசம்.”

“ஆமா நைனா.”

“தபாலாபீசுல அப்படித்தானே இருக்குது” என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. அன்றிலிருந்து அவர் மேசைமேல் கை வைக்கவில்லை. மாத்திரையைக்கூட மடியில் வைத்துக்கொள்கிறார்.

தங்கைக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், மாடிப்படியில் நின்று நான் சொன்னதையும். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

“மேசைய உனக்கு அனுப்பறேன்டி. புள்ள எழுதட்டும்.”

“இப்ப அனுப்பி இன்னாக்கா ஆகப்போகுது? ஊட்ல வெக்க எடமில்ல.” நிறுத்தி, “அனுப்பினா எறக்க மாட்டேன்” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதைச் செய்கிறவள். வண்டி வாசலில் நின்றாலும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போகக் கூடியவள். எனக்கு இதில் நம்பிக்கை ஒன்றும் இல்லை. ஆனால் என் பெயரைச் சொல்லி அந்த மேசை இன்னொரு நாள் எங்கள் வீட்டில் நிற்கக் கூடாது. நின்று படித்தவள் என்று என்னை இனி நீங்களும் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

இன்று காலை குட்டியானை வந்தது. நைனா சுவரைப் பார்த்தபடியே, “பேனாவ அவுக்காத” என்றார். அவிழ்க்கவில்லை. வளையத்தில் நூலோடு அது ஆடிக்கொண்டே போயிற்று. இப்போது வண்டி பனமலைக்குப் போகும் வழியில் அனந்தபுரத்தைத் தாண்டியிருக்கும். மேசை இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருக்கிறது. அங்கே உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.